கறுப்புத் தண்ணீரில் வெள்ளைக் கொக்கு

பறவைகளைப் பார்ப்பதற்கு ஏற்ற வேகம் எது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பண்டிதர்கள் யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. மோட்டார் காரில் போகிறவனுக்குக் கொக்கும் ஒன்றுதான், கொடியில் உலரும் வேட்டியும் ஒன்றுதான். இரண்டும் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்து மறைகின்றன. நடந்து போகிறவனுக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் மேற்கு மாம்பலத்திலிருந்து கிளம்பி அடையாற்று முகத்துவாரத்துக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். புத்தியுள்ள பறவைகள் நிழல் தேடிப் போயிருக்கும். ஆகவே சைக்கிள்தான் சரியான வேகம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற சைக்கிளைக் கண்டு பறவைகள் பயப்படுவதில்லை. பத்தடி தூரத்தில் போனாலும் கொக்கு தன் பாட்டுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பிரேக்கைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினீர்களோ இல்லையோ, போயிற்று! அதுவரைக்கும் நீங்கள் ஒரு வண்டி, இப்போது மனிதன். மனிதர்களைப் பற்றிப் பறவைகளுக்கு நெடுநாளாகவே ஒரு முடிவான எண்ணம் இருக்கிறது. ஆகையால் பறவையைக் கண்டதும் நிற்கக் கூடாது. கண்டும் காணாததுபோல அதைத் தாண்டிப் போய், ஐம்பதடி தள்ளி இறங்கி, சைக்கிளை நிறுத்தி, அதன் பின்னால் குனிந்துகொண்டு காமிராவை எடுக்க வேண்டும். கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்தால் நாம் எப்படிப் போவோமோ, கிட்டத்தட்ட அப்படி.

இதெல்லாம் பெரிய தியாகம் என்று நினைத்து விடாதீர்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். பறவைகளைக் காமிராவில் பிடிக்கும் வித்தைக்கு முன்னோடிகள் அவர்கள். 1892-ஆம் ஆண்டிலேயே ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தவர்கள். பறவை பயப்படாமல் இருப்பதற்காக ஒரு மாட்டின் தோலைப் பாடம் பண்ணி, உள்ளே கூடாக்கி, அந்த மாட்டின் வயிற்றுக்குள் நின்றுகொண்டு படம் எடுத்தார்கள்! அதைப் பார்க்க என் சைக்கிள் எவ்வளவோ மேல் என்று வீட்டில் சொன்னேன். "மாட்டைக் கொட்டகையிலாவது கட்டலாம். இந்தச் சைக்கிளை அல்லவா கூடத்தில் நிறுத்துகிறீர்கள்!" என்றாள் என் மனைவி.

பறவை மனிதர்களுக்கும் இரண்டு சக்கரத்துக்கும் ஒரு பழைய பந்தம் இருக்கத்தான் இருக்கிறது. டாக்டர் ஸலீம் அலி மோட்டார் சைக்கிள் பைத்தியம். 1950-ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து உப்ஸலா நகரில் பறவை விஞ்ஞானிகளின் மகாநாடு நடந்தது. அவர் தம்முடைய சன்பீம் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுவதும் அதிலேயே சுற்றி, அதன்மீதே மகாநாட்டு வாசலில் போய் இறங்கினார். அங்கே இருந்தவர்கள் மனிதர் இந்தியாவிலிருந்தே அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து வாயைப் பிளந்தார்களாம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நானும் வயதை ஒரு காரணமாகச் சொல்வதில்லை.

வாகனம் இருக்கட்டும், ஆற்றுக்கு வருவோம். அடையாறு என்றதும் வெளியூர் வாசகர்கள் காவிரியையோ தாமிரபரணியையோ மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கக் கூடாது. கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஆதனூர் ஏரியில் புறப்பட்டு, செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுகிற சிறிய ஆறு இது. ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழைக்காலம் போக மற்ற நாளில் நகரத்துக்குள் அது நின்றுகொண்டிருக்கும். நிற்பதில் பெரும்பாகம் நம் வீடுகளிலிருந்து போனதுதான். நிறம் கறுப்பு. வாசனையைப் பற்றி எழுத்தில் சொல்லி என்ன பிரயோஜனம்? முதல் பத்து நிமிஷம் மூக்கு ஆட்சேபிக்கும். பிறகு அதுவும் பட்டணவாசியாகிவிடும்.

ஆற்றங்கரையோரமாகச் சைக்கிள் விடுகிறேன் என்பதும் பேச்சுக்குத்தான். கரையோரமாகத் தொடர்ந்து போகும் சாலை இந்த ஆற்றுக்குக் கிடையாது. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டுப் பிரிய வேண்டும். மறுபடி கோட்டூர்புரம் பாலத்தில் ஒரு தரிசனம். பிறகு அடையாறு திரு.வி.க. பாலம். அப்புறம் பெசன்ட் நகர் வழியாகச் சுற்றி, ஊரூர்க் குப்பத்தைத் தாண்டி, உடைந்த பாலத்துக்கு அருகில் கடைசிச் சந்திப்பு. இடையில் சந்தும் பொந்துமாக எங்கெல்லாம் கரைக்கு இறங்க வழி உண்டோ அங்கெல்லாம் நான் இறங்கிப் பார்த்திருக்கிறேன். நாய்கள் குரைக்கும். அவை என்னைப் பழகிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது.

இப்படிப்பட்ட ஆற்றில் என்ன பறவை இருக்கப்போகிறது என்று கேட்பீர்கள். கேட்டால் நான் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கோட்டூர்புரத்தில் கரையோரத்து மரங்களில் வக்காக்கள் பகல் முழுவதும் தோளைக் குறுக்கிக்கொண்டு, இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்த காவற்காரர்களைப் போல் தூங்கும். அந்தி சாய்ந்ததும் 'வாக்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பும். தண்ணீரில் நட்டிருக்கும் கழிகளின்மேல் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். வாத்துக்கு இருப்பதுபோல நீர் ஒட்டாத இறகு அதற்கு இல்லை. முழுகி எழுந்தால் நனைந்துதான் போகும். அது வெயிலில் நிற்பதைப் பார்த்தால் கோயில் குளத்தில் குளித்துவிட்டு மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக் காயவைக்கும் பெரியவர்களின் ஞாபகம் வரும். வெண்தொண்டை மீன்கொத்தி டெலிபோன் கம்பியிலிருந்து நீலக் கீற்றாக இறங்கும். அது பிடித்து வரும் மீன் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன் அது. 1952-ல் நம் தேசத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மற்ற மீன்கள் மூச்சு முட்டிச் சாகிற தண்ணீரில்கூட அது குடும்பம் நடத்தும்.

ஒரு சிநேகிதர், அவரும் எழுதுகிறவர்தான், நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை பறவை இருக்கிறதே, அப்படியானால் ஆறு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். பேப்பரில் சும்மா மிகைப்படுத்துகிறார்கள்" என்றார். எனக்கு ஆயாசமாக இருந்தது. நெடுங்கால் உள்ளான் என்ற பறவை இருக்கிறது. ரோஜா நிறத்தில் குச்சி குச்சியாக நீண்ட கால், கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு. நடந்தால் பரத நாட்டியந்தான். அது கூட்டம் கூட்டமாக இந்தச் சேற்றில் நிற்பது எதற்காக? சாக்கடைச் சேற்றில் செழித்து வளரும் சின்னஞ்சிறு புழுக்களுக்காக. அழுக்கு அதிகமானால் எல்லாப் பறவைகளும் உடனே போய்விடுவதில்லை. அழுக்கில் பிழைக்கத் தெரிந்தவை தங்குகின்றன, பெருகவும் செய்கின்றன. மற்றவை போய்விடுகின்றன. போனவற்றை யாரும் படம் எடுக்க முடியாது அல்லவா? படத்தில் உள்ளதை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு ஆறு சௌக்கியம் என்று சொல்வது, கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தில் எல்லாரும் ஒற்றுமை என்று சொல்வது மாதிரி.

ஆனால் அவர்மீது முழுப் பழியையும் போடுவதற்கில்லை. காமிராவின் குணம் அப்படி. கறுப்புத் தண்ணீரில் ஒரு சின்னக் கொக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காமிராவுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் கருவி சுற்றியுள்ள கறுப்பையெல்லாம் பார்த்து, 'அடடா, இங்கே இருட்டாக இருக்கிறதே' என்று ஏமாந்து, வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். ஓர் இறகுகூடத் தெரியாது. அதனால் வெளிச்சத்தை ஒரு பங்கோ இரண்டு பங்கோ நாமாகக் குறைக்க வேண்டும். குறைத்தால் கொக்கின் கழுத்தில் ஒவ்வொரு இறகும் பூத்தொடுத்ததுபோல் வரும். தண்ணீரோ மேலும் கறுத்துப் பட்டுத் துணி ஆகிவிடும். சாக்கடைதான், ஆனால் படத்தில் அது மைசூர்ப் பட்டு! என் வீட்டுக் கூடத்தில் அப்படி ஒரு படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் "இது காஷ்மீரா?" என்று கேட்பார்கள். "இல்லை, சைதாப்பேட்டை" என்றால் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

நீண்ட லென்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. பறவையின் கண்ணில் குறிவைத்தால் அந்தக் கண் ஊசி முனையாய் விழும். பறவைக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து வர்ணக் குழம்பாகிவிடும். குப்பைமேடு, பிளாஸ்டிக் பை, மதில், மரம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரு பசுமை, ஒரு பழுப்பு, அவ்வளவுதான். இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் ஒரு படத்தை மெச்ச வேண்டுமானால், "பின்னணி வெண்ணெயாய் இருக்கிறது" என்பார்கள். அதற்காகவே லட்சக்கணக்கில் செலவு செய்து லென்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. என்னுடையது அவ்வளவு ஒசத்தி அல்ல. என் நாவல்களின் ராயல்டி எவ்வளவு என்று என் பதிப்பாளருக்குத் தெரியும்; உங்களுக்கும் ஓர் ஊகம் இருக்கும்.

மயிலாப்பூர்க்காரரான மா. கிருஷ்ணனைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், தமிழில் 'கதிரேசச் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியவர். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். வர்ணப் படம் எடுக்கும் வசதி வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல பாகங்களை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் அலைந்தார். அவருடைய படங்களில் யானை மட்டும் இருக்காது. யானை நிற்கும் இடமும் இருக்கும். அந்தப் புல், அந்தப் பாறை, அந்த வெயில், எல்லாம் இருக்கும். அவற்றைப் பார்த்த பிறகு வெண்ணெய்ப் பின்னணியைக் கண்டால் எனக்குச் சிறிது சந்தேகம் தட்டுகிறது. என்ன செய்வது? என் லென்ஸ் அப்படித்தான் பார்க்கிறது.

திரு.வி.க. பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் ஆற்றின் வேறு முகம் தெரியும். 1973-ல் கட்டிய பாலம் அது. வலது கைப் பக்கம் பிரம்மஞான சபையின் தோப்பு, 1882-லிருந்து காப்பாற்றி வரும் பச்சை. இடது கைப் பக்கம் வானத்தை முட்டும் அடுக்கு மாளிகைகள். நடுவில் அகன்று விரிந்த நீர்ப்பரப்பு. கூழைக்கடா ஒன்று பெரிய வள்ளம்போல் மிதந்து போகும். மேலே செம்பருந்து வட்டமிடும். அதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் மாமிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாலத்தில் நின்று படம் எடுப்பதில் ஒரு சங்கடம். ஒருவன் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து கீழே பார்த்தால் பட்டணத்தில் அடுத்த நிமிஷம் பத்துப் பேர் சாய்ந்து கீழே பார்ப்பார்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் ஓடி வந்து, "யார் சார் குதிச்சது? ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டார். "யாரும் குதிக்கவில்லை, கூழைக்கடா" என்றேன். "யாரு, கூழைக்கடையா? எந்தக் கடை?" என்றார். நான் காமிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

உடைந்த பாலம், பெயருக்கேற்ப உடைந்தே இருக்கிறது. 1967-ல் கட்டியது, பத்தே வருஷத்தில், 1977-ல், வெள்ளம் நடுவே ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அது சினிமாக்காரர்களுக்கும் பறவைகளுக்கும் சொந்தம். தண்ணீர் வடியும் நேரத்தில் சேற்றுத்திட்டு வெளிப்படும்போது சின்னச் சின்ன உள்ளான்கள் வாலை ஆட்டிக்கொண்டு, அவசரம் அவசரமாக, ரயிலுக்கு நேரமானவர்களைப்போல் ஓடி ஓடிப் பொறுக்கும். ஆவணியில் வந்து சித்திரையில் போகிறவை. இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் அவற்றின் சொந்த ஊர். உள்ளங்கையில் அடங்கும் உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பறந்து வந்து, போயும் போயும் இந்த முகத்துவாரத்தில் வந்து இறங்குகிறதே என்று பரிதாபமாக இருக்கும். ஆனால் அதற்கு இது பழகின இடம். அதன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வந்த இடம், வழி தெரியும்.

சைதாப்பேட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். என் பாதையில் அது முதலில் வருவது. அங்கே சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம்.

சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடக்க முதலில் பாலம் கட்டியவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-ல் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். 240 வருஷம் அந்தப் பாலம் உழைத்தது. 1966-ல் அதன் இடத்தில் இப்போதைய மறைமலையடிகள் பாலம் வந்தது. அந்தப் பாலத்துக்குக் கீழண்டையில், கரையை ஒட்டினாற்போல் ஒரு வரிசை வீடுகள் இருந்தன. குடிசை என்று சொல்ல முடியாது. பாதிச் செங்கல், மேலே ஓடும் தகரமும். முதல் வீட்டு வாசலில் ஓர் ஆயா இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். என் சைக்கிளுக்குக் காவல் அவள்தான். இரண்டு இட்லி வாங்கித் தின்றால் காவல் கூலி வேண்டாம். தின்னாவிட்டாலும் கேட்க மாட்டாள்.

முதல் நாள் என் காமிராவைப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய குழாய வச்சிகினு இன்னா சார் தேடறே?" என்றாள்.

"பறவையைப் படம் எடுக்கிறேன், ஆயா."

"கொக்கையா? கொக்கைப் போயி எவனாவது படம் புடிப்பானா? காசு குடுப்பாங்களா?"

"கொடுக்க மாட்டார்கள்."

ஆயா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி சட்டினி ஊற்றினாள்.

அவளைப் படம் எடுக்கட்டுமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "வாணாம் சார், ஆயுசு கொறஞ்சிடும்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆனால் பறவை விஷயத்தில் அவள் சொல்வது எனக்கு உபயோகமாக இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே தண்ணீரில் நட்டிருந்த மூங்கில் கழியில் எப்போதும் ஒரு மடையான் உட்கார்ந்திருக்கும். பழுப்பு நிறம், உட்கார்ந்தால் கழியோடு கழியாக இருக்கும், பறந்தால் மட்டும் எங்கே ஒளித்து வைத்திருந்ததோ, இரண்டு சிறகும் தூய வெள்ளையாக விரியும். பக்கத்தில் போனாலும் அசையாது. அதனால் ஜனங்கள் அதற்குக் குருட்டுக் கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "குருடும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னப் பாக்காத மாதிரி பாத்துகினு கீது. கள்ளன்!" என்றாள் ஆயா. அந்தப் பறவையின் சுபாவத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை.

2013-ஆம் வருஷம், பொங்கல் கழித்து ஒரு வாரம் இருக்கும். காலை ஏழு மணி வெயில். அன்றைக்கு எதிர்க்கரைக்குப் போயிருந்தேன். அங்கிருந்து ஆற்றுக்கு இந்தப் பக்கமாகப் பார்த்து, அந்த மடையான் கழியைவிட்டு எழும்புகிற கணத்தில் ஒரு படம் விழுந்தது. சிறகு இரண்டும் பாதி திறந்திருக்கின்றன. கால் இன்னும் கழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். பின்னணி பழுப்பும் சாம்பலுமாகக் கரைந்து, இடது ஓரத்தில் மட்டும் நீலமாக ஒரு தீற்றல். அந்தப் படத்துக்கு அந்த நீலந்தான் அழகு என்று என் சிநேகிதர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு என்ன நடந்தது என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். 1943-க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். சைதாப்பேட்டையில் ஆறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வெள்ளம் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது அந்த வரிசை வீடுகளில் சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. ஆயா ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு திரும்பி வந்தாள். தார்ப்பாய் போட்டு மறுபடி இட்லி சுட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து, ஆற்றங்கரையில் யாரும் குடியிருக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று, அந்த வரிசை முழுவதையும் காலி செய்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அடையாற்றங்கரையிலிருந்து இப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆபத்து என்பது வாஸ்தவந்தான். அந்த ராத்திரியைப் பார்த்தவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே கரையில், அதே வெள்ளத்தில் முழுகிய எத்தனையோ மாடிக் கட்டிடங்கள் போன இடத்துக்குப் போகாமல் அப்படியே நிற்கின்றன. அவற்றையும் நான் பாலத்திலிருந்து தினம் பார்க்கிறேன்.

மடையான் மட்டும் பத்தே நாளில் கழிக்குத் திரும்பிவிட்டது. வேறு மடையானாகவும் இருக்கலாம். அதற்கு யாரும் ஒதுக்கீட்டு உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை.

2018 ஆடி மாதம். கரையோரத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வீடு போனாலும் கோயில் போகவில்லை. பழைய ஜனங்கள் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவனை யாரோ, "இன்னா சார், இன்னும் கொக்கு புடிக்கிறியா?" என்று கூப்பிட்டார்கள். ஆயாதான். சிறிது இளைத்திருந்தாள். தூக்கில் கூழ் வாங்கிவைத்திருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

பேச்சோடு பேச்சாக, "அந்தக் குருட்டுக் கொக்கு இன்னும் இருக்கிறது, ஆயா" என்று சொல்லி, அந்த 2013 படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். எட்டப் பிடித்துப் பார்த்தாள்; கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பறவையைப் பார்க்கவில்லை. விரலால் ஓரத்தைத் தொட்டாள்.

"இது எங்கூட்டுக் கதவு சார்."

நான் வாங்கிப் பார்த்தேன். நீலத் தீற்றல்.

"பெரிய பையன் அடிச்ச பெயின்ட்டு. அந்தப் பொங்கலுக்குத்தான் அடிச்சான். மீதி பெயின்ட்ட இன்னா பண்றதுன்னு தெரியாம தண்ணி டிரம்முக்குக்கூட அடிச்சிட்டான்." சிரித்தாள். "வெள்ளத்துல எல்லாம் பூட்ச்சி. கதவு போவல. தேக்கு மரம் சார், எங்கூட்டுக்காரரு பழைய மார்க்கெட்டுல வாங்கியாந்தது. இடிக்கறப்போ கழட்டி வச்சிருந்தோம். லாரில எடம் இல்லன்னுட்டாங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் வந்து கைப்பேசியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அந்தப் பழுப்பு யார் வீட்டு மண் சுவர், அந்தச் சாம்பல் யார் வீட்டுத் தகரம் என்று அவர்களுக்குள் விவாதம் கிளம்பிவிட்டது. ஐந்து வருஷமாகப் பெரிய மனிதர்கள் எல்லாம் பார்த்து மெச்சிய படம்; அதில் இத்தனை வீடு இருப்பதை முதல் முதலாக அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் ஒரு மங்கலான மஞ்சளைக் காட்டி, அது தன் பாவாடை, கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது என்றாள். மறுத்துச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

ஆயா, "இத்தப் பெரிசு பண்ணி, கதவு நல்லாத் தெரியறாப்பல பண்ண முடியுமா சார்?" என்று கேட்டாள்.

முடியாது. லென்ஸ் கரைத்ததைக் கரைத்ததுதான். பெரிதாக்கினால் மங்கலும் பெரிதாகும். இப்போதெல்லாம் மங்கல் படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் கம்ப்யூட்டர் வித்தைகள் வந்திருக்கின்றன. கேட்டால் அவை ஒரு கதவைப் போட்டுக் கொடுக்கத்தான் செய்யும், தாழ்ப்பாள்கூடப் போடும். ஆனால் அது உலகத்தில் உள்ள ஆயிரம் கதவுகளைப் பார்த்துக் கற்பனை பண்ணிய கதவு. ஆயாவின் கதவு அல்ல. கற்பனை பண்ணுவது என் தொழில். அதை நானே செய்வேனே!

அடுத்த வாரம் பதினெட்டு அங்குல அகலத்தில் ஒரு பிரதி போட்டேன். இம்முறை கடைக்காரரிடம் ஒரு விஷயம் வற்புறுத்திச் சொன்னேன். கூடத்தில் மாட்டியிருக்கும் பிரதியில் பறவை நடுவே வருவதற்காக ஓரத்தைச் சிறிது வெட்டியிருந்தார். நீலம் பாதிதான் இருந்தது. இதில் ஓர் இழைகூட வெட்டக் கூடாது என்றேன். பறவை ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும்படி ஆயிற்று. "பாலன்ஸ் போயிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். போகட்டும் என்றேன்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயா மறுபடி கோயிலுக்கு வந்தாள். கொடுத்தேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, கூழ்த் தூக்குக்குப் பக்கத்தில், நனையாமல் சாய்த்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். இத்தனை வருஷம் சைக்கிளைப் பார்த்துக்கொண்டதற்குக் கழித்துக்கொள் என்றேன். கணக்குச் சரிதான் என்று நினைத்தாளோ என்னவோ, மேலே பேசவில்லை.

பஸ் ஏறப் போகும்போது திரும்பி வந்தாள்.

"கொக்கு வோணும்னா நீ இங்க எதுக்கு சார் இந்த நாத்தத்துல அலையறே? எங்காண்ட வா. எங்க மாடிலேர்ந்து பாத்தா அத்தினியும் தண்ணி. மழைக்கு அப்பால பாரு, செவப்பா, நெட்டக் காலு, வளைஞ்ச மூக்கு, இன்னான்னே தெரியல, கும்பலா வந்து எறங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூநாரை! பெரும்பாக்கம் சதுப்பு நிலம் பள்ளிக்கரணையை ஒட்டியது. பள்ளிக்கரணை 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்ஸார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பறவைப் படம் எடுக்கிறவர்கள் குளிர்காலத்தில் விடியற்காலையில் காரில் வரிசையாகப் போய் நிற்கிற இடம். பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை, எல்லாம் வரும். அவர்கள் எடுக்கும் படங்களில் பின்னால் உயரமாக, வரிசை வரிசையாக, வெண்ணெயாய்க் கரைந்து நிற்குமே, அந்த அடுக்கு வீடுகள் எதுவென்று அதுவரையில் நான் யோசித்ததில்லை.

"மாம்பலத்திலிருந்து சைக்கிளிலா? தூரமாயிற்றே, ஆயா!" என்றேன்.

"நாங்க டெய்லி வரலியா? என் மருமவ வேலைக்கு இங்கதான் வருது. மூணு பஸ்ஸு." ஆயா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கெழம வா. ஏழாவது மாடி. லிப்ட்டு ஓடலன்னா நீ ஏறாத, வயசான ஆளு. கீழ நின்னு கூப்டு, நான் எறங்கி வரேன்."